ஐடாஸ்: 14 ஆண்டுகள் வாசலில் நின்ற செயலி

ஆப் ஸ்டோர் நிராகரிப்பு என்றதும் பலரும் ஹே மின்னஞ்சல் செயலியின் கதையைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 2020 ஜூனில் அந்தச் செயலியின் புதுப்பிப்பை ஆப்பிள் நிறுத்திவைத்தது. நிறுவனர்கள் பகிரங்கமாகச் சண்டை போட்டார்கள். சில நாட்களிலேயே இறுக்கம் தளர்ந்தது. அவர்கள் கையில் பணமும், பல ஆண்டுகளாகச் சேர்த்த வாசகர் கூட்டமும் இருந்தன. ஆப்பிளின் ஆண்டு மாநாட்டுக்குச் சற்று முன்பு சண்டை போடும் வாய்ப்பும் வாய்த்தது. இந்த மூன்றும் இல்லாமல், வீட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து செயலி எழுதுகிறவருக்கு அந்தக் கதையில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை.

அவருக்குப் பயன்படக்கூடியது ஐடாஸின் கதை. விண்டோஸுக்கு முன்பு பிசிக்களை இயக்கிய எம்எஸ்-டாஸ் காலத்து நிரல்களை ஐபேடில் ஓட்டிப் பார்க்க உதவும் சிறு செயலி அது. 2010 அக்டோபர் இறுதியில் ஆப் ஸ்டோருக்குள் வந்தது, உடனே வெளியேற்றப்பட்டது. முடமாக்கப்பட்ட வடிவில் 2011 தொடக்கத்தில் திரும்பியது. ஐடாஸ் 2 என்ற அடுத்த தலைமுறை 2014இல் வந்து, 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. 2024 ஜூனில் ஐடாஸ் 3 நிராகரிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, அதே ஐடாஸ் 3 அனுமதிக்கப்பட்டது. இத்தனை திருப்பங்களுக்கும் இடையில் அந்தச் செயலி செய்த அடிப்படை வேலை மாறவே இல்லை.

இதில் என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் கண்டிப்பு இங்கே முதன்மையான சிக்கல் இல்லை. கண்டிப்பான கடையோடு வியாபாரம் செய்ய முடியும். எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாத கடையோடுதான் முடியாது.

செயலியின் உள்ளே

ஐடாஸுக்கு அடித்தளம் டாஸ்பாக்ஸ். 2002இலிருந்து கிடைத்துவரும் திறமூல எமுலேட்டர் அது. பழைய பிசி ஒன்றின் பிராசஸர், நினைவகம், ஒலி அட்டை, திரை எல்லாவற்றையும் மென்பொருளாகவே போலச்செய்து காட்டுகிறது. பழைய விளையாட்டுகளைச் சட்டப்படி விற்கும் ஜிஓஜி போன்ற இணையக் கடைகளே பல விளையாட்டுகளை டாஸ்பாக்ஸோடு சேர்த்துத்தான் விற்கின்றன. சாவ்ஜி லி என்ற நிரலர் இதை ஆப்பிளின் கைக்கருவிகளுக்கு ஏற்ப மாற்றினார். மூலநிரலை டாஸ்பேட் என்ற பெயரில் எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைத்தார். ஆப் ஸ்டோரில் அது ஐடாஸ் என்று விற்பனைக்கு வந்தது.

முதல் பதிப்பை வாங்கியவர்கள் உடனே ஒன்றைக் கண்டுகொண்டார்கள். ஐடியூன்ஸ் வழியாகத் தங்கள் கோப்புகளை அதற்குள் போட முடிந்தது. போட்டால் ஓடியது. விளையாட்டுகள் மட்டுமல்ல, விண்டோஸின் பழைய பதிப்பே ஐபேடில் திறந்தது. அது செய்தியாகப் பரவிய வேகத்தில் செயலி கடையிலிருந்து காணாமல் போனது. 2011 தொடக்கத்தில் திரும்பியபோது கோப்பு சேர்க்கும் கதவு அடைக்கப்பட்டிருந்தது. தனக்கு வேண்டிய எதையும் போட்டு ஓட்ட முடியாத டாஸ் எமுலேட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். ஆட்கள் கணினியில் வேறு கருவிகளைக் கொண்டு சுற்றுவழியில் கோப்புகளைப் போட்டுக்கொண்டார்கள்.

எமுலேட்டர் மீது ஆப்பிளுக்கு இருந்த தயக்கம் இதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. 2009இல், கமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினியைப் போலச்செய்யும் எமுலேட்டர் ஒன்று முதலில் மறுக்கப்பட்டது. செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. உள்ளே ஒளிந்திருந்த பேசிக் என்ற நிரல் மொழியைத் திறக்கும் தந்திரம் தெரியவந்ததும் மறுபடி தூக்கப்பட்டது. பயனர் தானே பத்து வரி பேசிக் நிரல் எழுதி ஓட்டிவிடக்கூடும் என்பதுதான் அங்கே குற்றம்.

கண்டால் தெரியும்

ஐடாஸ் முதல்முறை வந்தது சுவாரசியமான ஒரு நேரம். அதற்கு ஏறக்குறைய ஏழு வாரங்களுக்கு முன்பு, 2010 செப்டம்பர் 9 அன்றுதான், ஆப்பிள் தன் மதிப்பாய்வு விதிகளை முதன்முறையாக வெளியிட்டிருந்தது. ஆப் ஸ்டோர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகே அந்தப் பக்கங்கள் வெளிவந்தன. அதுவரை எழுதப்பட்ட விதிகள் கண்ணில் படாமலேயே நிரலர்கள் தங்கள் உழைப்பை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆவணத்தின் தொனி அலாதியானது. கடையில் ஏற்கெனவே 2,50,000 செயலிகள் இருக்கின்றன, வாயுச் சத்தம் எழுப்பும் செயலிகள் இதற்கு மேல் தேவையில்லை என்றது. பத்திரிகைகளிடம் ஓடிப் போய் எங்களைத் தூற்றினால் அது ஒருபோதும் உதவாது என்றது. எந்த எல்லையைத் தாண்டினால் நிராகரிப்பீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு நீதிபதியின் சொல்லையே பதிலாகத் தந்தது: பார்த்தால் எங்களுக்குத் தெரியும், தாண்டும்போது உங்களுக்கும் தெரியும்.

1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் ஆபாசத்தை வரையறுக்க முயலாமல், கண்டால் தெரியும் என்று எழுதியதைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நீதிபதி அப்படிச் சொல்லும்போது அவர் தன் பெயரைப் போட்டுச் சொல்கிறார். மற்ற நீதிபதிகள் மறுத்து எழுதலாம். அடுத்த வழக்கில் வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஒரு கடை சொல்லும்போது இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. பெயர் தெரியாத ஒருவர் பார்க்கிறார், அவருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்த மாதம் அதே செயலியைப் பார்க்கும் இன்னொருவருக்கு வேறு விதமாகத் தெரிந்தால், முந்தைய தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்துவதில்லை.

2.5.2 என்ற விதி

ஐடாஸை வீழ்த்திய விதி இன்று 2.5.2 என்ற எண்ணில் இருக்கிறது. 2010 ஆவணத்தில் அது 2.7, 2.8 என்று இரண்டாக இருந்தது. செயலி தன் பொதிக்குள்ளேயே முழுமையாக இருக்க வேண்டும். தன் வசதிகளையோ செயல்பாட்டையோ மாற்றும் நிரலைப் பதிவிறக்கவோ, நிறுவவோ, இயக்கவோ கூடாது என்பது அதன் சாரம்.

இந்த விதிக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு, அதை மறுக்கக் கூடாது. மதிப்பாய்வின்போது கால்குலேட்டராக நடித்துவிட்டு, அனுமதி கிடைத்த மறுநாள் இணையத்திலிருந்து வேறு நிரலை இழுத்துச் சூதாட்டச் செயலியாக மாறுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். இந்த விதி இல்லையென்றால் மதிப்பாய்வு என்ற ஏற்பாட்டுக்கே பொருள் இருக்காது.

எமுலேட்டருக்கு இதைப் பொருத்தும்போதுதான் இடறுகிறது. டாஸ் நிரல்கள் இன்டெல் 8086 குடும்ப பிராசஸர்களுக்காக எழுதப்பட்டவை. ஐபேடில் இருப்பது ஆர்ம் வகை. அந்தப் பழைய நிரலின் ஒரு கட்டளைகூட ஐபேடின் பிராசஸரை நேரடியாகத் தொடுவதில்லை. எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அதற்குரிய வேலையைத் தன் சொந்த நிரலால் செய்துகாட்டுகிறது. ஸ்வரக் குறிப்பைப் பார்த்து ஒருவர் வீணை வாசிக்கிறார். குறிப்பு எழுதிய தாள் வீணையைத் தொடுவதில்லை. எமுலேட்டரைப் பொறுத்தவரை அந்த விளையாட்டு ஒரு தரவுக் கோப்பு, அவ்வளவே. அந்தச் செயலியும் ஆப்பிளின் கைக்கருவி இயங்குதளமான ஐஓஎஸ் போட்டிருக்கும் வேலிக்குள்தான் இருக்கிறது; மற்ற செயலிகளின் கோப்புகளை அதனால் எட்டிப்பார்க்கக்கூட முடியாது.

ஜேஐடி என்ற முறை இருக்கிறது. பழைய கட்டளைகளைக் கூட்டமாக மொழிபெயர்த்து பிராசஸரிடமே நேரடியாகக் கொடுப்பது. அது வேகமானது, பாதுகாப்பு நோக்கில் ஆபத்தானதும்கூட. எழுதவும் இயக்கவும் ஒருங்கே அனுமதி உள்ள நினைவகப் பகுதி அதற்குத் தேவை. சாதாரண செயலிகளுக்கு ஐஓஎஸ் அதைத் தருவதில்லை. ஐடாஸ் அதைக் கேட்கவும் இல்லை. இன்றைய பிராசஸர்கள் முன்னால் டாஸ் காலத்து நிரல்கள் அவ்வளவு சிறியவை. மெதுவான முறையே போதும்.

ஆக, பாதுகாப்பு என்ற வாதம் இங்கே மெலிந்துவிடுகிறது. மிஞ்சுவது, உள்ளே என்ன வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை.

2021: மறுத்தவர் நிரலர்

இந்த வழக்கில் நான் அதிகம் யோசித்த கட்டம் இது.

2020இல் வந்த ஒரு புதுப்பிப்பில், கோப்புகளைச் சேர்க்கும் வசதி ஐடாஸ் 2இல் மறுபடி திறக்கப்பட்டு, மதிப்பாய்வையும் தாண்டிவிட்டது. ஏறக்குறைய ஓராண்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வசதிக்காகவே பணம் கொடுத்து வாங்கியவர்கள் சேர்ந்தார்கள். ஐபேடில் விண்டோஸ் 3.1 ஓடும் படங்கள் மறுபடி தொழில்நுட்பச் செய்திகளில் வந்தன. 2021 ஜூலையில் அடுத்த புதுப்பிப்பை அனுப்பியபோது, ஆப்பிளிடமிருந்து 2.5.2ஐச் சுட்டிக்காட்டி நிராகரிப்பு வந்தது. செயலி தன் பொதிக் கோப்புகளையும், ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக்கிய வட்டுப் படிமங்களையும் இயக்குகிறது. ஐடியூன்ஸ் வழியாகவும் ஃபைல்ஸ் செயலி வழியாகவும் விளையாட்டுகளை இறக்குமதி செய்ய விடுகிறது. இதனால் உரிமம் இல்லாத உள்ளடக்கம் உள்ளே வரக்கூடும் என்பது குற்றச்சாட்டு. திருத்தாவிட்டால் கடையில் இருக்கும் பதிப்பும் நீக்கப்படும்.

உரிமம் பற்றிய அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். ஆப் ஸ்டோரில் இருக்கும் எந்த வீடியோ பிளேயரிலும் உரிமம் இல்லாத படத்தைப் போட்டுப் பார்க்க முடியும். எந்த மின்னூல் செயலியிலும் திருட்டு மின்னூலைத் திறக்க முடியும். அவற்றை யாரும் நீக்குவதில்லை, நீக்கவும் கூடாது.

லியின் முன்னால் இருந்த வழிகள் குறைவு. கோப்பு சேர்க்கும் வசதியைப் பிடுங்கிவிட்டு ஒரு புதுப்பிப்பு அனுப்பினால் செயலி கடையில் தொடரும், வருமானமும் தொடரும். பெரும்பாலான தனி நிரலர்கள் இதைத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் புதுப்பிப்பு என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோரின் கருவிகளில் செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. காசு கொடுத்து வாங்கிய ஒருவர் காலையில் எழுந்து பார்த்தால், எதற்காக வாங்கினாரோ அது மட்டும் காணாமல் போயிருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அவருக்குக் கிடையாது. அவர் திட்டுவது ஆப்பிளையாக இருக்காது.

லி அதைச் செய்யவில்லை. வாங்கியவர்களுக்கு இன்றியமையாத வசதியைத் தானே முடமாக்க மனம் ஒப்பவில்லை, அது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று வெளிப்படையாக எழுதினார். வேண்டுபவர்கள் இருக்கும்போதே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆகஸ்டில் செயலி போனது.

வணிகக் கண்ணால் பார்த்தால் இது தற்கொலை. ஒரே ஒரு முறை விலை கொடுத்து வாங்கும் செயலிக்குப் புதிய வாடிக்கையாளர் வரவு நின்றால் வருமானமே நின்றுவிடும். அப்படியிருந்தும் அவர் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன், அறத்தின் பொருட்டு மட்டும் இல்லை. முடமாக்கிய பதிப்பை 2011இலேயே விற்றுப் பார்த்தாயிற்று. அது என்ன சரக்கு என்று அவருக்குத் தெரியும். மேலும், ஒருமுறை அனுமதித்ததை ஓராண்டு கழித்துக் குற்றமாக்கும் இடத்தில், இன்று இதை வெட்டிக் கொடுத்தால் நாளை எதை வெட்டச் சொல்வார்கள் என்பதற்கு அளவே இல்லை.

அவருக்கு ஒரு பிடிமானமும் இருந்தது. மூலநிரல் திறந்திருந்ததால், கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் தாங்களே தொகுத்துத் தங்கள் கருவியில் போட்டுக்கொள்ள முடிந்தது. இலவசக் கணக்கில் அப்படிப் போட்டால் ஏழு நாளுக்கு ஒருமுறை மறுபடி கையொப்பமிட வேண்டும், தொல்லைதான். ஆனால் செயலி சாகவில்லை.

ஒப்புநோக்க இன்னொன்று. 2020 இறுதியில், லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைச் சூழலைத் தரும் ஐஎஸ்ஹெச் என்ற செயலிக்கு இதே 2.5.2ஐக் காட்டி நீக்க அறிவிப்பு வந்தது. அதை உருவாக்கியவர்கள் பொதுவெளியில் எழுதினார்கள். நீக்க வேண்டிய நாளுக்கு முன்பு ஆப்பிளிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், மேல்முறையீடு ஏற்கப்பட்டது. பத்திரிகைகளிடம் ஓடினால் உதவாது என்ற பழைய எச்சரிக்கைக்கு இதுவும் ஹேயும் நேர்மாறான சான்றுகள். 2014இல் பிகால்க் என்ற கால்குலேட்டரின் விட்ஜெட்டை, அதாவது செயலியைத் திறக்காமலே பயன்படுத்தும் சிறு கட்டத்தை, தூக்கச் சொல்லி, செய்தி வெளியான சூட்டிலேயே பின்வாங்கியதும் அதே ரகம்; அத்தனைக்கும் அந்த விட்ஜெட்டை ஆப்பிளே தன் கடையில் முன்னிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஐடாஸ் 2 பற்றியும் நிறையச் செய்திகள் வந்தன, ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் போட்டால் கதவு திறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில நேரம் திறக்கும். எந்த நேரம் என்பதற்கும் விதி இல்லை.

பன்னிரண்டு நிமிடம்

நிராகரிப்புக் கடிதங்களைப் படிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு கூர்மையான எதிராளி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். எண்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கு 2021இல் விசாரணைக்கு வந்தபோது, மதிப்பாய்வுக்குப் பொறுப்பான ஆப்பிள் அதிகாரி சாட்சி சொன்னார்: சுமார் 500 மதிப்பாய்வாளர்கள், வாரத்துக்குச் சுமார் ஒரு லட்சம் சமர்ப்பிப்புகள். ஆளுக்கு வாரம் 200. ஐந்து நாள் வேலை என்றால் நாளுக்கு 40. எட்டு மணி நேரமும் தேநீர்கூடக் குடிக்காமல் பார்த்தால் ஒரு செயலிக்குப் பன்னிரண்டு நிமிடம்.

பன்னிரண்டு நிமிடத்தில் டாஸ்பாக்ஸின் உள்கட்டமைப்பை யாராலும் எடைபோட முடியாது. வட்டுப் படிமம் இருக்கிறது, கோப்பு இறக்குமதி இருக்கிறது, பட்டியலில் 2.5.2 இருக்கிறது, மூன்றையும் பொருத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். 2020இல் அனுமதித்தவருக்கும் 2021இல் மறுத்தவருக்கும் நடுவே சதியோ கொள்கை மாற்றமோ இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

2024: ஏப்ரலில் திறந்த கதவு

2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் ஆப்பிளைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. ஐரோப்பாவில் மாற்றுக் கடைகளுக்கு வழி விட வேண்டியதாயிற்று. எமுலேட்டர்கள் அங்கே முதல் ஈர்ப்பாக இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஏப்ரல் 5 அன்று ஆப்பிள் தன் 4.7 விதியைத் திருத்தி, பழைய விளையாட்டுக் கன்சோல்களின், அதாவது விளையாடுவதற்கென்றே செய்த கருவிகளின், எமுலேட்டர்களை உலகெங்கும் அனுமதிப்பதாகச் சொன்னது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஆப்பிள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முதல் வாரங்கள் குழப்பமாகக் கழிந்தன. ஐஜிபிஏ என்ற செயலி வந்து முன்னணிக்கு ஏறியது. அது ரைலி டெஸ்டட் என்ற நிரலர் பள்ளி மாணவராக இருந்தபோது எழுதிய ஜிபிஏ4ஐஓஎஸ் என்பதன் நகல் என்று தெரிந்து நீக்கப்பட்டது. இன்னொரு எமுலேட்டரை அதன் நிரலரே பயந்துபோய் எடுத்துவிட்டார். யாரும் மிரட்டவில்லை, இருந்தாலும் பயமாக இருக்கிறது என்றார். ஏப்ரல் 17 அன்று டெஸ்டட்டின் டெல்டா என்ற எமுலேட்டர் வந்து, வெகு நாட்கள் பட்டியலின் உச்சியில் இருந்தது. மே மாதம் பிபிஎஸ்எஸ்பிபி வந்தது. சோனியின் பிஎஸ்பி கைக்கருவியைப் போலச்செய்வது.

கதவு திறந்ததைப் பார்த்து லியும் ஐடாஸ் 3ஐ அனுப்பினார். இரண்டு மாதம் இழுத்தடித்த பிறகு, ஜூனில் பதில் வந்தது: எமுலேட்டர்தான், ஆனால் பழைய விளையாட்டுக் கன்சோலின் எமுலேட்டர் இல்லை, 4.7இல் கன்சோல்களுக்கு மட்டுமே இடம். எதை மாற்றினால் விதிக்குள் வரும் என்று கேட்டார். அவர்களிடம் பதில் இல்லை. பழைய விளையாட்டுக் கன்சோல் என்றால் எது என்று கேட்டார், அதற்கும் இல்லை. பார்த்தால் தெரியும் என்ற அதே பழைய, நியாயமற்ற பதில்தான் என்று அவர் எழுதினார். 2010ஆம் ஆண்டின் ஆவணத்தை நினைத்துத்தான் எழுதினாரா என்று தெரியவில்லை. நினைக்காமலே எழுதியிருந்தால் இன்னும் மோசம்.

விதியின் வரிகளை மட்டும் பார்த்தால் ஆப்பிளின் பக்கம் ஒரு புள்ளி உண்டு: பிசி கன்சோல் இல்லை. ஆனால் விதிக்கு ஏதாவது நோக்கம் இருந்தாக வேண்டும். பிஎஸ்பி 2004 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை சந்தையில் இருந்த கருவி; அது பழையது. எம்எஸ்-டாஸ் 1981இல் பிறந்தது. அது பழையது இல்லை. இப்படிப் பிரிக்கும் கோட்டுக்குப் பாதுகாப்பு, பதிப்புரிமை, பயனர் நலன் என எந்தக் காரணத்தையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தானே எம்எஸ்-டாஸ் 4.00இன் மூலநிரலை எம்ஐடி உரிமத்தில் இலவசமாக வெளியிட்டிருந்தது. உரிமையாளரே ஊருக்குக் கொடுத்துவிட்ட ஒன்றை ஓட்டிப் பார்க்கும் கருவிக்குத்தான் அனுமதி இல்லை.

அதே ஜூனில் யூடிஎம் என்ற பொதுவான பிசி எமுலேட்டரும் அதே காரணத்தால் மறுக்கப்பட்டது. ஐரோப்பிய மாற்றுக் கடைகளில் வைக்க ஆப்பிளிடம் பெற வேண்டிய நோட்டரைசேஷன் என்ற ஒப்புதலும் மறுக்கப்பட்டது. ஜேஐடி இல்லாத தங்கள் மெதுவான பதிப்பு எப்படியும் அரைகுறைதான், இதற்காகப் போராடப் போவதில்லை என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜூலை 13 அன்று, அந்த அரைகுறைப் பதிப்பே ஆப் ஸ்டோரில் அனுமதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று 4.7இல் பிசி எமுலேட்டர்களும் என்ற சொற்கள் சேர்ந்தன. ஐடாஸ் 3 அந்த மாதம் கடைக்கு வந்தது. நிராகரிக்கப்பட்டபோதும் அனுமதிக்கப்பட்டபோதும் அது டாஸ் எமுலேட்டர்தான்.

போராடியவர், போராட மறுத்தவர் இருவரும் ஒரே கோடையில் உள்ளே போனார்கள். நிரலரின் வாதத் திறமைக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு மெலிது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டாம்.

தனி நிரலர் எடுத்துக்கொள்ளக்கூடியவை

ஆண்டுக்கு 99 டாலர் கட்டி, மாதக்கணக்கில் உழைத்து அனுப்பும் ஒருவருக்கு இந்த வழக்கு கையில் என்ன தருகிறது?

முதலில், திட்டத்தின் அடிப்படையையே பார்க்க வேண்டும். செயலியின் உயிர் எந்த விதியின்மேல் நிற்கிறது, அந்த விதியில் அளவு இருக்கிறதா, அல்லது பார்வை மட்டுமா? கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்த்த பிறகே வெளியீட்டு அனுமதி கேட்கலாம் என்றார்கள். 2024 டிசம்பரில் 20 பேர் 12 ஆனது. எரிச்சலூட்டும் விதிதான்; முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் செயலியை ஒருவர் சோதிப்பதாகப் பெயர் பண்ணிக்கொள்ளும் குழுக்கள் அதனால் முளைத்தன. ஆனாலும் அது எண்ணக்கூடியது, திட்டமிடக்கூடியது. 14 நாள் முடிந்து விண்ணப்பித்த பிறகு, சோதனை போதாது என்று காரணம் விளக்காத மறுப்பு வரும்போதுதான் அதுவும் ஐடாஸின் உலகத்துக்குள் நுழைகிறது.

பார்வை மட்டுமே உள்ள விதியின்மேல் நிற்பதென்றால், வேறொரு வாசலும் வேண்டும். லிக்குத் திறமூலம் அந்த வாசலாக இருந்தது. எல்லாச் செயலிக்கும் அது பொருந்தாது. இணையப் பதிப்பு, ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியே நேரடியாக நிறுவும் கோப்பு என்று ஏதாவது ஒன்று.

மறுப்பு வந்தால் வாதாடுவதைவிடக் கேள்வி கேட்பது மேல். எந்தத் திரை, எந்த வசதி, எது மாறினால் சரியாகும், விதியில் உள்ள இந்தச் சொல்லின் வரையறை என்ன? பதில் வந்தால் வேலை மிச்சம். வராவிட்டால், பதில் இல்லை என்பதே பதிவாகிறது. லி கேட்ட இரண்டு கேள்விகள்தான் பின்னால் செய்தியாகி, விதியின் ஓட்டையை ஊருக்குக் காட்டின. 2020 கோடையிலிருந்து, முடிவை மட்டுமல்ல, விதியையே எதிர்த்து முறையிடவும் ஆப்பிள் வழி வைத்திருக்கிறது. ஹே சண்டையின் கையோடு வந்த ஏற்பாடு அது. பயன்படுத்தலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பண்டிகைக்கு வெளியிடுகிறேன் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, அந்த வாரத்தில் முதல்முறை சமர்ப்பிப்பது வம்பு. ஐடாஸ் 3 இரண்டு மாதம் காத்திருந்தது, அதுவும் மறுப்புக்காக.

வாங்கியவர்களின் வசதியை வெட்டுவது பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வெட்டும் முன் அவர்களிடம் சொல்லிவிடுவது குறைந்தபட்ச மரியாதை.

இன்னும் தீராதவை

4.7 இன்று பிசிக்களையும் ஏற்கிறது. எமுலேட்டருக்குள் தரப்படும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் நிரலரே பொறுப்பு என்றும் சொல்கிறது. 2.5.2 அப்படியே இருக்கிறது. ஜேஐடிக்கு இடம் இல்லாததால் யூடிஎம் கடையில் மெதுவான பதிப்பாகவே கிடைக்கிறது. நின்டெண்டோவின் கேம்க்யூப், வீ ஆகிய கன்சோல்களைப் போலச்செய்யும் டால்ஃபின் எமுலேட்டரின் குழு, அந்தத் தடை இருக்கும்வரை தங்களால் ஆப் ஸ்டோருக்கு வர முடியாது என்று 2024இல் விளக்கி எழுதியது. பழைய விளையாட்டுக் கன்சோல் என்றால் எது என்று லி கேட்ட கேள்விக்கு, பிசிக்களைச் சேர்த்துத் திருத்தியபோதும் 4.7இல் பதில் எழுதப்படவில்லை.